ஆள் இருக்கு

போவது இரண்டு பேர். அப்பா மூன்று இடம் பிடித்தார்.

பண்டாரவளை ஸ்டேஷனுக்குள் கோச்சி ஊர்ந்து வரும்போதே அவர் அதனோடு சேர்ந்து நடந்தார். திறந்திருந்த ஒரு சன்னலுக்குள் கையை விட்டு, பொருள்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். யசோதினி பின்னால் நின்று பார்த்தாள். முதலில் அவருடைய தோள் துண்டு, கஞ்சி போட்டு மடித்தது. அதற்கு எதிரே சன்னலோரம் அவளுடைய குடை. அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார். பெண்கள் வைத்திருக்கும் சின்னக் கைக்குட்டை. நீல நூலில் கரை தைத்தது. வெள்ளை பழுப்பாகிப் போயிருந்தது. கோச்சி இன்னும் நகர்ந்துகொண்டிருந்தபோதும் அவசரப்படாமல் அதைக் குடைக்குப் பக்கத்தில் விரித்து, மூலைகளை விரல் நுனியால் நீவிவிட்டார்.

"யாருப்பா வாறாங்க?"

"யாருமில்ல, புள்ள. நம்ம வீட்டுப் பழக்கம். ஒங்க தாத்தா காலத்துல இருந்து ஆளுக்கு ஒண்ணு, மேலால ஒண்ணு புடிப்போம். நம்ம பொம்பளப் புள்ளைக்குப் பக்கத்துல கண்டவங்க ஒரசிக்கிட்டு உக்காரக் கூடாது."

அப்படி ஒரு பழக்கத்தை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அப்பா கோச்சியில் ஏறி அவள் பார்த்ததும் இல்லை. ஹாலிஎலையில் வீட்டுக்குக் கீழேயே தண்டவாளம் ஓடியது. ஆனாலும் அவர் பதுளைக்குப் போவதென்றால் மேட்டில் ஏறி, றோட்டில் காத்து நின்று, பஸ்ஸில்தான் போவார்.

அழகர் என்று அப்பாவின் பெயரைச் சொன்னால் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. கிளாக்கர் ஐயா என்றால் தெரியும். அவர், அவருடைய தகப்பன், அந்தத் தகப்பனுக்குத் தகப்பன் என்று மூன்று தலைமுறை ஒரே தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர்கள். எழுபது வயதாகியும் முதுகு வளையவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது எப்படி நின்றாரோ, வேலையிலிருந்து ஓய்ந்த பிறகும் அப்படியே நின்றார். அந்தப் பெரட்டில் கூடையோடு நின்று 'ஐயா' என்று குரல் கொடுத்தவர்களில் ஒருத்தியின் மகன் நிமலன். அவனை நம்பித்தான் யசோதினி வீட்டை விட்டுப் போனாள். பண்டாரவளையில் அவனுடைய அக்கா வீட்டில் அவளைத் தங்க வைத்துவிட்டு, அவன் தான் வேலை செய்யும் போன் கடையின் மாடியில் படுத்துக்கொண்டான். கல்யாணப் பதிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அடிக்க வருவார், ஆள் கூட்டிக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்திருந்தாள். இன்று காலையில் அவர் தனியாக வந்தார். வாழைப்பழச் சீப்பும் வெற்றிலையும் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார்.

"நடந்தது நடந்து போச்சு. புள்ள எங்க வீட்டு வாசல்ல இருந்து முறையா எறங்கணும். ஞாயித்துக்கிழமை நீங்க பெரியவங்களக் கூட்டிக்கிட்டு வாங்க, தம்பி."

நிமலனைப் பார்த்து 'நீங்க' என்றார். தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒருவரை, கிழவனோ கிழவியோ, அப்பா அப்படி அழைத்து அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிமலன் வேன் பிடித்துத் தருகிறேன் என்றான். அப்பா கையை உயர்த்தினார்.

"வேனெல்லாம் வேணாம். இந்தப் பழைய கோச்சிப் பெட்டிய எல்லாம் கூடிய சீக்கிரம் கழட்டிருவாங்களாம். புதுசு வருதாம். மகளோட கடைசியா ஒருக்கா அதுல போயிடணும்."

அதைக் கேட்டு யசோதினியின் மனம் கரைந்துவிட்டது. கரைந்ததால்தான் இப்போது இந்தப் பெட்டிக்குள் நின்றாள்.

பிளாட்பாரத்தில் நிமலன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "எனக்கு ஒரு மாதிரியா இருக்கு யசோ. நான் பைக்ல கீழ வாறேன். ஹாலிஎலையில நிப்பேன்."

"வேணாம். அப்பா கோவிப்பாரு."

"தூரத்துல நிப்பேன். கண்ணுல படமாட்டேன். நீ எறங்குறத மட்டும் பாத்துட்டுப் போறேன்."

கோச்சி இழுத்தது.

பெட்டியில் துருவும் ஈரமும் பழைய எண்ணெயும் மணந்தன. மழை விட்டிருந்தாலும் கூரையின் மூலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே மின்விசிறி, இறக்கை ஒன்று இல்லாமல், ஓடும் கோச்சியின் குலுக்கலில் தானாக அரை வட்டம் சுற்றி நின்றது. எல்லாவற்றையும் அப்பா தொட்டுப் பார்த்தார். சன்னல் சட்டத்தின் வழுவழுத்த மரத்தைத் தடவினார். இருக்கைகளின் இரும்புக் கைப்பிடியில் உரிந்து கிடந்த சிவப்புச் சாயத்தை நகத்தால் சுரண்டி, அதற்கடியில் பச்சைச் சாயம் இருப்பதைக் கண்டு சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகு காலமாகியிருந்தது.

"இதே பெட்டிதான்," என்றார். "உள்ளுக்குப் பச்சையா இருந்துச்சு அப்ப."

"எப்பப்பா?"

அவர் நகத்தில் ஒட்டிய சாயத்தை ஊதிவிட்டார். நடைபாதையில் ஒரு அம்மா தட்டுத் தடுமாறி வந்துகொண்டிருந்தார். முக்காடு, ஒரு கையில் துணிப் பொட்டலம், மறு கையில் தோடம்பழப் பை. அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அந்நிய ஆணின் பக்கத்தில் உட்கார மனமில்லாமல் அந்த அம்மா யசோதினியின் பக்கத்து இடத்தைப் பார்த்தார்.

"இதுல ஆள் இரிக்கா மகள்?"

யசோதினி அப்பாவைப் பார்த்தாள். அவர் வெளியே பார்த்தபடி, உதடு அதிகம் அசையாமல், "சொல்லு" என்றார்.

"ஆள் இருக்கு," என்றாள்.

எல்லாரும் சொல்வதுதான். காலி இடத்தைக் காட்டி ஆள் இருக்கு என்பது இந்தப் பாதையில் போகிற யாருக்கும் பொய்யாகப் படாது. தேத்தண்ணி வாங்கப் போனவருக்காக, அடுத்த ஸ்டேஷனில் ஏறப் போகிறவருக்காகச் சொல்லும் பேச்சு அது. வருவதற்கு யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு யசோதினி அதைச் சொன்னாள். சொல்லி முடித்த கணம், பக்கத்து இருக்கையின் கிழிந்த ரெக்சின் உறை, யாரோ மெல்ல உட்காரும்போது விடுவதைப்போல நீளமாக ஒரு மூச்சு விட்டது.

அவள் திரும்பினாள். கைக்குட்டை விரித்தபடி கிடந்தது.

குறுக்கே இருந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் எழுந்து அந்த அம்மாவுக்கு இடம் கொடுத்தான். "பாத்தீங்களா," என்று அவர் பெட்டிக்கே கேட்கும்படி சொல்லிச் சிரித்தார். "வெள்ளக்காரன் எழும்புறான். நம்ம ஆளுகள் லேஞ்சப் போட்டு வெச்சிக்கிட்டு ராசா மாதிரி இரிக்கிறாங்க."

அப்பாவின் தாடை இறுகியது. அதற்கு மேல் அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அந்த அம்மாவுக்குப் பேச ஆள் வேண்டும். தான் ஸுபைரா என்றும், புடவைக் கடை வைத்திருப்பதாகவும், தெமோதரையில் மகளுக்குப் பிள்ளை கிடைத்திருப்பதால் போகிறதாகவும் நடைபாதைக்குக் குறுக்கே யசோதினிக்குச் சொன்னார். யசோதினி தலையாட்டினாள். பேச்சு நல்லதாக இருந்தது. பேச்சு நின்றபோதெல்லாம் வேறொன்று கேட்டது. மிக அருகில், தாளம் தப்பாத மெல்லிய சொட்டு. கூரையிலிருந்து சொட்டும் நீர் இல்லை. அது இரும்பில் விழுந்து ஒலித்தது. இது துணியில் விழுந்தது.

கோச்சி கினிகமையைத் தாண்டி வளைந்தது. தேயிலைச் சரிவுகள் வெளியே மூட்டத்துக்குள் போய்ப் போய் வந்தன. கீழே றோட்டில் ஒரு பைக் தெரிந்தது. சிவப்பு ஹெல்மெட். நிமலன் கோச்சியைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அவளும் கையை உயர்த்தப் போனாள். இடது கை எழவில்லை. சால்வையின் நுனி பக்கத்து இடத்தில் எதிலோ மாட்டியிருந்தது. இழுத்தாள். வந்துவிட்டது. நுனி நனைந்திருந்தது.

"போனக் குடு, புள்ள," என்றார் அப்பா. "பெட்டிய நாலு படம் எடுத்து வைப்போம். பொறகு நெனச்சாலும் கெடைக்காது."

கொடுத்தாள். கதவை எடுத்தார். சன்னலை எடுத்தார். மறுபடியும் கதவை எடுத்தார். திறந்த கதவையும் அதற்கப்பால் ஓடும் புல்லையும் வெகு நேரம் குறிபார்த்து எடுத்தார். எடுத்து முடித்துப் போனைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பித்தானைப் பூட்டினார்.

வடைக்காரன் வந்தான். அப்பா ஒரு இறால் வடை வாங்கி, தாளோடு அவளிடம் நீட்டினார். "தின்னு. அவளுக்கும் வாங்கிக் குடுத்தேன்."

"யாருக்குப்பா?"

"ஒங்க அத்தைக்கு."

வீட்டில் அத்தையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு. விஜயலெட்சுமி கோச்சியிலிருந்து தவறி விழுந்துவிட்டாள். அவ்வளவுதான். சுவரில் படம் இல்லை. விளக்கு வைப்பதில்லை. அந்தப் பேரை அப்பாவின் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. இப்போது அவர் அதைக் குழந்தைக்குச் சொல்வதைப்போல இனிமையாகச் சொன்னார்.

"விஜயாவும் நானும் இப்பிடித்தான் வந்தோம். பண்டாரவளையில இருந்து. இதே பெட்டி. எனக்கு மீச கூட மொளைக்கல்ல. கூட்டிக்கிட்டு வான்னு எங்கப்பா என்னயத்தான் நம்பி அனுப்பினாரு. அவ அழுதுக்கிட்டே வந்தா. வடையக் குடுத்ததும் அழுகய நிப்பாட்டிட்டா. எண்ணெயத் தொடச்சிட்டு லேஞ்ச இங்கதான் வெச்சா." கைக்குட்டையைக் கண்ணால் காட்டினார். "எந்திரிச்சுப் போறப்ப எடுக்க மறந்துட்டா. நான் எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"அத்தை எதுக்குப்பா பண்டாரவளைக்குப் போனாங்க?"

"நீ எதுக்குப் போன?"

வடை கையில் சூடாக இருந்தது. சக்கரங்களின் ஓசை வடைக்குள்ளும் விரல்களுக்குள்ளும் ஏறியது.

"நம்ம குடும்பத்துல ஓடிப் போனவன்னு ஒருத்தியும் இல்ல, புள்ள," என்றார் அப்பா. குரலில் கோபமே இல்லை. "ஊர்ல கேட்டுப் பாரு. அப்பிடி ஒரு சொல்லு நம்ம பேர்ல கெடையாது."

எல்ல ஸ்டேஷனில் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் பைகளோடு இறங்கினார்கள். கூச்சலும் சிரிப்பும் அவர்களோடு இறங்கின. பெட்டியில் மிஞ்சியது மூன்று பேர். அந்த அமைதியில் சொட்டு பலமாகக் கேட்டது. ஸுபைரா தோடம்பழம் ஒன்றை உரித்தார். அந்தப் புளிப்பு வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. அதற்கடியில் இன்னொரு வாசனை இருந்தது. வெகு நாள் மூடிக் கிடந்த இடத்தின் பாசி வாசனை, ஈரக் கல் வாசனை. அது பக்கத்திலிருந்து வந்தது.

"இந்தாங்க மகள், சொள. அந்தப் புள்ளைக்கும் குடுங்க."

"எந்தப் புள்ளைக்கு?"

ஸுபைரா சிரித்தார். "எந்தப் புள்ளைக்கா? ரெண்டு பேருக்கும் சண்டயா? பாவம், தெப்பமா நனஞ்சி போய் இரிக்கா. எப்ப வந்து இருந்தாண்டே நான் காணல்ல. தலயத் தொவட்டச் சொல்லுங்க, தடிமன் புடிச்சிரும்."

யசோதினி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். கிழிந்த ரெக்சின். கைக்குட்டை. கைக்குட்டையின் நடுப்பகுதி குழிந்திருந்தது. துணியும் அதற்கடியில் உறையும் ஒரு கனத்தின் கீழே அமுங்கியிருந்தன. கோச்சி குலுங்கும்போது மற்ற இருக்கைகள் எல்லாம் குலுங்கின. அது மட்டும் குலுங்கவில்லை.

அப்பா அதைப் பார்க்கவில்லை. அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுக் கோச்சியில கதவு தானா மூடிக்குமாம்," என்றார். "ஓடுறப்பத் தொறக்கவே ஏலாதாம். அதுல போய் என்ன சொகம்?"

அப்போது அவளுக்கு எல்லாம் விளங்கியது. வாழைப்பழச் சீப்பு விளங்கியது. 'நீங்க' விளங்கியது. வேன் வேண்டாம் என்றது விளங்கியது. அப்பா ஏன் இத்தனை வருடம் கோச்சியில் ஏறவில்லை, ஏன் இன்று ஏறினார், ஏன் இனி நாளில்லை என்று அவசரப்பட்டார் என்பது விளங்கியது. வடையைத் தாளில் சுற்றி மடியில் வைத்தாள்.

தெமோதரை.

கோச்சி ஸ்டேஷனில் நிற்கப் போவதை உடம்பால் உணர்ந்து அவள் காத்திருந்தாள். ஸுபைரா பொட்டலத்தைத் தூக்கினார். இதுதான் சமயம். அந்த அம்மாவோடு இறங்கிவிட வேண்டும். சனம் இருக்கும், ஸ்டேஷன் மாஸ்டர் இருப்பார். கத்தினால் கேட்கும்.

"நான் ஆன்ட்டிக்குப் பையத் தூக்கிக் குடுத்துட்டு வாறேன்பா."

"குடுத்துட்டு வா," என்றார் அப்பா, உடனே.

அவள் எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. சால்வை கழுத்தில் இறுகியது. அதன் ஒரு முனை பக்கத்து இருக்கையில் அமுங்கிக் கிடந்தது. இழுத்தாள். இரு கையாலும் இழுத்தாள். தன் துணியின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எப்படி வராதோ அப்படி வரவில்லை. கழுத்திலிருந்து சால்வையைக் கழற்றப் போனாள். அது குளிர்ந்து, நனைந்து, கழுத்தோடு ஒட்டிச் சுற்றியிருந்தது.

"ஆன்ட்டி!"

ஸுபைரா கதவருகே திரும்பிப் பார்த்தார். "நீங்க இரிங்க மகள், நான் பாத்துக்குவன். ரெண்டு பேரும் சண்ட போடாமப் போங்க என்ன."

இறங்கிவிட்டார். முக்காட்டின் வெள்ளை சன்னலைத் தாண்டிப் போனது. கோச்சி இழுத்தது. சால்வை தளர்ந்து அவள் மடியில் விழுந்தது.

தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு இறங்கும். இறங்கி, சற்று முன் நின்ற அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே, சுரங்கத்துக்குள் நுழையும். சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வந்தபோது பிள்ளைகள் எல்லாரும் இதற்காகவே சன்னலுக்கு அடித்துக்கொண்டார்கள். மேலே ஆட்கள் நிற்பார்கள். கீழே இருட்டுக்குள் கோச்சி போகும். எவ்வளவு கத்தினாலும் மேலே கேட்காது.

அப்பா எழுந்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

"வா, புள்ள. சுத்தி எறங்குறதக் கதவுல நின்னு பாப்போம்."

"வேணாம்பா."

"பயமா? அப்பா புடிச்சிக்கிறேன்."

"அப்பா, நான் வந்திர்றேன். வீட்டுக்கே வந்திர்றேன். நிமலன் வேணாம். நீங்க சொல்றதக் கேக்குறேன்."

அதைச் சொன்னபோது அவளுக்கே தெரியவில்லை, பொய்யா மெய்யா என்று. அப்பா அவளை அன்போடு பார்த்தார். "விஜயாவும் இதத்தான் சொன்னா," என்றார்.

மணிக்கட்டைப் பிடித்தார். பேனா பிடித்துப் பிடித்துத் தடித்த விரல்கள், இரும்பு வளையம் மாதிரி. அவள் இருக்கையின் கைப்பிடியைப் பற்றினாள். உரிந்த சாயம் உள்ளங்கையில் உதிர்ந்தது. அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு விரலாக விடுவித்தார். கைக்குட்டையின் மூலைகளை நீவிவிட்ட அதே பொறுமை. நடைபாதை. கழிவறையின் நாற்றம். கதவு, அடித்து அடித்துத் திறந்து. வெளியே மூட்டம் மேலே ஏறிக்கொண்டிருந்தது, புல் கீழே ஓடிக்கொண்டிருந்தது. கல், புல், கல். காற்று அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டது.

"பாரு," என்றார் அப்பா அவள் காதருகே. "எவ்வளவு அழகு."

அவள் கத்தினாள். கோச்சியும் கத்தியது. சுரங்கத்துக்கு முன் அடிக்கும் விசில்.

இருட்டு.

சுவர் மிக அருகில். ஈரக் கல்லின் குளிர் முகத்தில். சக்கரச் சத்தம் எல்லாப் பக்கமும். மணிக்கட்டிலிருந்து அப்பாவின் கை விலகியது. முதுகில் ஒரு உள்ளங்கை வந்தது. அகன்று விரிந்து. சூடாக.

அழுத்தியது.

பாதி உடல் வெளியே. கால் பலகையில் வழுக்கியது. ஒரு கை கம்பியைத் தேடியது. கம்பி இல்லை.

இன்னொரு கை.

உள்ளேயிருந்து. அவள் இடது கையை. மெலிந்த விரல்கள். எலும்பு வரை குளிர்ந்த விரல்கள். இழுத்தன. தோள் கழன்றுவிடும்போல இழுத்தன. அவள் உள்ளே விழுந்தாள். நடைபாதையில் இழுபட்டாள். தூக்கப்பட்டாள். ரெக்சினில் உட்கார வைக்கப்பட்டாள். காதருகே ஈர முடி. பாசி வாசனை. மூச்சு இல்லாத ஒரு குரல்.

"நான் எறங்கணும்."

வெளிச்சம் வந்தது.

யசோதினி உட்கார்ந்திருந்தாள். தன் இடத்தில் இல்லை, பக்கத்து இடத்தில். உயிர் இருக்கிறது என்று முதலில் நினைத்தாள். நெஞ்சைத் தொட்டுப் பார்க்கக் கையை எடுத்தாள். கை எழவில்லை. கால் எழவில்லை. மடியில் ஒரு மலையை வைத்ததுபோல் இருந்தது.

கதவருகே அப்பா நின்றார். அவருடைய கை இன்னும் ஒரு முதுகில் பதிந்திருந்தது. யசோதினி காலையில் உடுத்திய மஞ்சள் பஞ்சாபிச் சட்டை. அவளுடைய சால்வை. நீர் சொட்டும் முடி. அந்தப் பெண் வாசலில் அசையாமல் நின்றாள். அப்பா மறுபடியும் தள்ளினார். முழங்கையை மடக்கி, பலமெல்லாம் கொண்டு தள்ளினார். சுவரைத் தள்ளுவதுபோல் இருந்தது. பிறகு அந்தப் பெண் திரும்பி, பணிவாகத் தலை குனிந்து, அவருடைய கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

அப்பா மூச்சு வாங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "சரி," என்றார். "சரி. நல்ல புள்ள. சொல் கேட்டா அப்பா ஒண்ணும் செய்யமாட்டேன்."

அப்பா, என்று யசோதினி கத்தினாள். வாய் திறந்தது. சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. அது இப்போது அவளிடமிருந்தே வந்தது.

உடுவரை வந்து போனது. ஒருவரும் ஏறவில்லை. கதவருகே இருவரும் கைகோத்து நின்றார்கள். ஹாலிஎலை வந்தது. நனைந்த பிளாட்பாரம், மஞ்சள் பெயர்ப்பலகை. கேட்டருகே சிவப்பு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிமலன். கண்ணில் படமாட்டேன் என்றவன் பொறுக்க முடியாமல் ஓடி வந்தான்.

"யசோ!"

அந்தப் பெண் அவனைத் தாண்டி நடந்தாள்.

"யசோ, என்னாச்சு? ஏன் நனஞ்சிருக்க?"

"மழை, தம்பி," என்றார் அப்பா. முதுகை நிமிர்த்திக்கொண்டார். பிளாட்பாரத்தில் நின்ற தெரிந்தவர்கள் இருவர் அவருக்குத் தலை தாழ்த்தினார்கள். அவரும் தாழ்த்தினார். மகளைக் கையோடு கூட்டி வந்துவிட்ட தகப்பனை எல்லாரும் பார்த்தார்கள். "நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க."

யசோதினி சன்னலுக்கு நேரே உட்கார்ந்து பார்த்தாள். நிமலன் சன்னல் பக்கம் திரும்பினான். அவன் கண்கள் அவள் முகத்தின் மேல் வந்தன. நின்றன. காலி இருக்கையைப் பார்க்கும் கண்கள். திரும்பிவிட்டான்.

வெளியே போகும் கேட் இடப்பக்கம் இருந்தது. அந்தப் பெண் வலப்பக்கம் திரும்பினாள்.

"இங்கிட்டு, புள்ள," என்றார் அப்பா.

அவள் நடந்தாள். அப்பா நின்றார். நின்றவர் இழுபட்டார். முதலில் ஒரு அடி. பிறகு இன்னொன்று. தன் கையை உருவப் பார்த்தார். மறு கையால் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்கப் பார்த்தார். ஒரு விரலும் அசையவில்லை. அப்போதுதான் முதன்முறையாகக் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். தோளிலிருந்து துண்டு நழுவி விழுந்தது. எழுபது வருடம் வளையாத முதுகு வளைந்தது. வளைந்தபடியே பிளாட்பாரத்தின் சரிவில் இறங்கி, தண்டவாளக் கற்களில் கால் இடற, வந்த வழியே, தெமோதரைப் பக்கம், மூட்டத்துக்குள் அவளுக்குப் பின்னால் போனார்.

கோச்சி பதுளைக்கு இழுத்தது.

யசோதினி சன்னல் சட்டத்தைத் தட்ட நினைத்தாள். கை மடியில் கிடந்தது. பிளாட்பாரம் பின்னால் நகர்ந்தது. கடைசியாகத் தெரிந்தவன் நிமலன். ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டு, அவளுடைய பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே, மஞ்சள் சட்டையைத் துரத்தித் தண்டவாளத்தின் நடுவே ஓடிக்கொண்டிருந்தான். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை பின்னால் நீண்டது, அவனுக்காக.